வாழ்த்தும் நெஞ்சங்களுக்கு நடுவே ஓர் ஓட்டை

சோரியாங்குப்பத்தில் எங்கள் சித்தப்பா களத்து வைக்கோல் போரின் தலையில் ஒரு டிஜிட்டல் பேனர் போர்த்தியிருக்கிறது. வெயில் அதன் நிறங்களைத் தின்றுவிட்டது. நீலம் சாம்பலாகிவிட்டது, சிவப்பு மண்ணாகிவிட்டது. ஆனாலும் மேல் மூலையில் பறக்கும் விமானம் தெரிகிறது. வலது பக்கம் தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு சுதந்திர தேவி நிற்கிறாள். அடியில் தபால்தலை அளவில் வரிசை வரிசையாக வாழ்த்தும் நெஞ்சங்கள். கூலிங் கிளாஸ் போட்ட நெஞ்சம், செல்போனைக் காதில் ஒட்டவைத்த நெஞ்சம், யாருக்கோ கும்பிடு போடுகிற நெஞ்சம். எல்லா முகங்களும் பத்திரமாக இருக்கின்றன. நட்டநடுவில் இருந்த பெரிய முகம்தான் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை. என் தங்கை கருக்கரிவாளால் தன் முகத்தைத் தானே அறுத்தெடுத்த ஓட்டை. போன தைப் பொங்கலுக்கு அறுத்தாள். அன்றைக்கு அவளைத் தடுக்க நான் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை. நல்லவேளை.

எங்கள் பாகூர் பக்கத்தில் பேனர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. காது குத்தினால் பேனர், பெண் பெரியவளானால் பேனர், ஆள் செத்தால் கண்ணீரோடு பேனர். கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் ஒரு பக்கம் அவிழ்ப்பார்கள், மறுபக்கம் புதிதாகக் கட்டுவார்கள். தங்கை வரலாற்றில் பி.ஏ. முடித்துப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தபோது, கட்சியில் சின்னதாய் ஒரு பொறுப்பில் இருந்த சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் எடுத்த சிறப்புப் பாடம் அமெரிக்கக் கண்டங்களின் வரலாறு. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, நடுவில் சிதறிக் கிடக்கும் தீவுகள், அங்கே முதலில் வாழ்ந்தவர்கள், பிறகு வந்து இறங்கியவர்கள், இழுத்துக்கொண்டு வரப்பட்டவர்கள். சித்தப்பாவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் அனுபவம் அவருக்கு ஒரு சூத்திரத்தைக் கொடுத்திருந்தது. பிரெஞ்சு படித்தவன் பிரான்சுக்குப் போனான். நர்சிங் படித்தவள் துபாய்க்குப் போனாள். அப்படியானால் அமெரிக்க வரலாறு படிப்பவள் எங்கே போவாள்?

ஒரு திங்கட்கிழமை காலை, பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில், பஸ் ஜன்னல் வழியாக அவள் தன்னைத்தானே பார்த்தாள். பாகூர் பஸ் நிறுத்தத்தில், ஆளுயரத்துக்கு மேல், ரேஷன் கார்டு போட்டோவை ஊதிப் பெருக்கிய முகம். தலைக்கு மேல் விமானம். ‘அமெரிக்கா செல்லும் எங்கள் குலவிளக்கே, வென்று வா’ என்று கொட்டை எழுத்து. அன்று சாயங்காலம் நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள்.

“நான் எங்கயும் போவல சித்தப்பா. இங்கதான் ரெண்டு பஸ் மாறி காலேஜி போறேன். அவங்க வரலாறப் படிக்கிறேன், அவ்ளோதான்.”

“அதான்டி நானும் சொல்றேன். அவன் வரலாற நீ இவ்ளோ கஷ்டப்பட்டு படிச்சா, அவன் கூப்பிடாமலா இருப்பான்? நம்ம தொகுதி வரலாற ஒரு வெள்ளக்காரன் வந்து படிச்சான்னா நான் வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போடமாட்டேனா?”

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கை. பாகூர் பஸ்ஸின் கண்டக்டர், “இன்னாமா, அமெரிக்காவுக்கு இந்த பஸ்ஸு போவாது, கடலூர்தான் போவும், ஏறிக்கிறியா?” என்று கேட்டபோதும் வேடிக்கைதான். விளையாட்டாக ஊன்றிய கம்பு வேர் பிடிக்கும் என்று யார் நினைத்தது? ஒரு பொய்யை ஊர் நடுவில் கட்டித் தொங்கவிட்டால், கட்டியவன் மறந்துவிடுவான், காற்று மறந்துவிடும். அதில் முகம் இருக்கிறதே, அந்த முகத்துக்குரியவள்தான் ஒவ்வொரு நாளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு திரியவேண்டும்.

அவளோ அந்த இரண்டு வருடமும் நெருப்பைப் போல இருந்தாள். பழைய கப்பல் விவரங்களைப் படிப்பதற்கென்றே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். வீட்டில் எதை எடுத்தாலும் அதிலிருந்து ஒரு கண்டத்தை வெளியே இழுத்துப் போடுவாள். ஒரு மாலை அப்பா வறுத்த மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

“இது அங்கேருந்து வந்ததுப்பா” என்றாள்.

“எது, மல்லாட்டையா? நம்ம கொல்லையில வெளஞ்சது.”

“வெளஞ்சது நம்ம கொல்லை. வந்தது அங்கேருந்து. மொளகா, தக்காளி, முந்திரி, கொய்யா, எல்லாம் அங்கேருந்துதான். உன் கொழம்புல பாதி அமெரிக்காப்பா.”

“அப்ப நம்மளுதுன்னு இன்னாதான்டி கீது?” அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. கரும்பும் நெல்லும் போட்டுக் கை காய்ச்சுப்போன மனிதர்.

“கரும்பு. கரும்பு இந்தப் பக்கத்துலேருந்து அங்க போனது. அந்தத் தீவுங்கள்ல காடு காடா நட்டாங்க. வெட்றதுக்கு ஆப்பிரிக்காவுலேருந்து அடிமைங்களப் புடிச்சிக்கினு போனாங்க. அடிமைங்கள வெச்சிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தப்பறம், யாரப் புடிச்சாங்க தெரியுமா? நம்ம ஆளுங்கள. பாண்டிச்சேரிலேருந்தும் காரைக்கால்லேருந்தும் கப்பல்ல ஏத்திக்கினு போனாங்க. இந்தக் கிராமத்துங்கள்லேருந்து போனவங்கப்பா. பஞ்சத்துக்குப் பயந்து, பொழச்சிக்கலாம்னு நம்பிப் போனவங்க.”

அப்பா உடைத்த கடலையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“திரும்பி வந்தாங்களா?”

“கொஞ்சம் பேரு வந்தாங்க. மத்தவங்க வரல. அங்கயே இருந்துட்டாங்க. பாஷை போயிடுச்சு. பேருல மட்டும் நம்ம ஊரு கொஞ்சம் ஒட்டிக்கினு கீது.”

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

எம்.ஏ. முடிந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. இங்கிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவர்கள் எந்தெந்த ஊர்களை விட்டுப் போனார்கள் என்பதுதான் அவள் எடுத்த பொருள். வாழ்க்கை முழுக்க வேறெதுவும் வேண்டாம் என்று நினைக்கும்படியான ஒன்று சிலருக்குத்தான் வாய்க்கும். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு அது வாய்த்திருந்தது. அந்த நேரத்தில்தான் வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்படிப்பு வழிகாட்டி முகாம் நடந்தது. சித்தப்பாவின் கட்சிக்காரர்கள் நடத்தினார்கள். “அங்க கேட்டுப் பாரு, ஏரோப்ளேன் எப்பன்னு அவரு சொல்லிடுவாரு” என்று சித்தப்பாவே எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், எதைப் படித்தால் எங்கே வேலை என்று படம் காட்டிக்கொண்டிருந்தார். தங்கை எழுந்து தன் பாடத்தைச் சொன்னாள். அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சிரித்தார். “நல்ல ஹாபிம்மா. கல்யாணத்துக்கு அப்புறம்கூட வச்சிக்கலாம்” என்றார். மண்டபம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார், பேனர் கட்டிய அதே சித்தப்பா.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் எரிகிறது. அன்று அங்கே சிரித்த பையன்களில் பாதிப்பேர் இன்ஜினியரிங் சேர்ந்தார்கள். இன்று அவர்களில் ஒருவன் சோற்றுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறக்கிறான். ஒருவன் சுங்கச்சாவடியில் தடுப்பைத் தூக்கி இறக்குகிறான். இன்னொருவன் மதகடிப்பட்டில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். உழைத்துத் தின்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன்களைப் பார்த்து, ‘இன்ஜினியரிங் படித்து என்ன கிழித்தாய்’ என்று இந்த ஊர் ஒருநாளாவது கேட்டதா? வேலை கிடைக்காவிட்டால் அங்கே காலத்தின் கோளாறு, நாட்டின் கோளாறு. வரலாறு படித்தவளுக்கு மட்டும் அது படிப்பின் கோளாறு, அவள் புத்தியின் கோளாறு. பழைய ஆவணங்களைப் பிரெஞ்சில் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்? ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், கல்லூரி, மொழிபெயர்ப்பு என்று அவளுக்குப் பாதைகள் இருந்தன. குறுகலான பாதைகள்தான். ஆனால் அவள் நெடுஞ்சாலை கேட்கவில்லையே.

ஊர் கேட்டது விமானத்தை. டீக்கடையில் அப்பா உட்கார்ந்தால் போதும். “இன்னா மாமா, உம் பொண்ணு ஃப்ளைட்டு இன்னும் பாகூரு ஏரியத் தாண்டலியா?” என்பான் ஒருவன். “பெட்ரோல் போட நின்னுகீது போல” என்பான் இன்னொருவன். அப்பா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வருவார். அவர் பொய் சொன்னதில்லை. பேனர் அவர் கட்டியதில்லை. ஆனால் கூனிக் குறுகியது அவர். மேலும் இரண்டு வருடம், மூன்று வருடம் அவள் அதே பஸ்ஸில் போய்வருவதை ஊர் பார்க்கும் என்று நினைத்தே அவர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். பேனர் மட்டும் இல்லாதிருந்தால், பெண் படிக்கிறாள், படித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். எனக்கு அது உறுதியாகத் தெரியும்.

ஆராய்ச்சியில் சேரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது மதகடிப்பட்டுப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பேனரைப் பார்த்து வந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்த ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்: “பொண்ணு எந்த மாசம் கெளம்புது? அது முன்னாடி போயி, பையனுக்கு விசா அனுப்பிடும் இல்ல?”

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை முந்திக்கொண்டாள்.

“நான் எங்கயும் போவலம்மா. அந்த பேனரு பொய்யி. நான் இங்கயே ஆராய்ச்சி பண்ணப் போறேன். இந்த ஊருங்கள்லேருந்து விசா இல்லாம கப்பல்ல போனவங்களப் பத்தி.”

அவர்கள் காபியைக்கூடக் குடிக்கவில்லை. வேன் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் சித்தப்பா குதித்தார்: “வாய மூடிக்கினு இருந்தா இன்னாடி கொறஞ்சி போயிடும்? கட்டிக்கினு அப்பறம் சொல்றது!” அப்பா குதிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில், “போதும் தாயி, படிச்சதெல்லாம் போதும். நான் தெருவுல நடக்கணும்” என்றார். அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். கெஞ்சுகிறவரிடம் என்ன செய்வது? சேரவேண்டிய நாள் வந்தது. போனது. அன்று முழுக்க அவள் மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். சோளமும் அங்கிருந்து வந்ததுதானா என்று கேட்டுச் சிரிக்கவைக்கலாமா என்று நினைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

பிறகு வில்லியனூரில் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர், மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தங்கை அங்கே அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுக்கிறாள். ஒருமுறை அவளுக்காகக் காத்திருந்தபோது வகுப்பு ஜன்னலோரம் நின்று கேட்டேன். “அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று வாசித்தாள். “கொலம்பஸ்” என்று வகுப்பே கூவியது. அவள் வினாத்தாளைக் கீழே வைத்தாள். பிறகு, “அங்க ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்கடா. ஊரு இருந்துச்சு, சந்தை இருந்துச்சு, ராஜா இருந்தான். இருக்கிற எடத்த யாரு கண்டுபிடிக்கிறது?” என்றாள். முன்வரிசைப் பெண் பேனாவைத் தூக்கியபடி, “அப்ப இன்னா மிஸ் எழுதட்டும்?” என்றாள். தங்கை சொன்னாள்: “கொலம்பஸ்னே எழுதுமா. மார்க்கு வேணும் இல்ல?” இரண்டு கண்டங்களையும் அத்தனை தீவுகளையும் கப்பலின் அடித்தளத்தில் செத்தவர்களையும் ஒற்றை மதிப்பெண்ணுக்குள் மடித்து வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்கான வேலைவாய்ப்பு மட்டும் இங்கே தாராளமாக இருக்கிறது.

அந்தப் பேனர் பல வருடம் சித்தப்பா வீட்டுப் பரணில் சுருண்டு கிடந்தது. பிறகு வைக்கோல் போருக்கு வந்தது. தங்கை பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். போன தையில், மாட்டுப் பொங்கலன்று எல்லோரும் களத்தில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தோம். சித்தப்பா ஒரு வேடிக்கை சொல்ல ஆரம்பித்தார்.

“மார்கழியில ஒரு கூத்து நடந்துச்சு கேளுங்க. கார்ல ஒரு புருசனும் பொண்டாட்டியும் வந்து எறங்குறாங்க. பாத்தா நம்ம ஆளுங்க மாதிரியே கீறாங்க. நம்ம கலரு, நம்ம மூக்கு. அந்தம்மாவுக்கு ஒரு பொடவயக் கட்டிவுட்டா பங்காளி வூட்டுப் பொண்ணுன்னுதான் சொல்லுவ. வாயத் தொறந்தா ஒரு எழவும் புரியல, ஒரே பிரெஞ்சு. டிரைவரு சொல்றான், ஏதோ தீவுலேருந்து வர்றாங்களாம், பாட்டனுக்குப் பாட்டன் இந்தப் பக்கத்து ஆளாம், கரும்பு வெட்டக் கப்பல்ல போனவனாம், எந்த ஊருன்னு தேடுறாங்களாம். நான் இன்னா பண்றது? ஆளுக்கு ஒரு எளநி வெட்டிக் குடுத்தேன். அந்தம்மா நம்ம கரும்புக் கொல்லையில பூந்து, கரும்பக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவுது! கரும்பப் பாத்து எவளாவது அழுவாளா? அப்பறம் கோயில ஒரு சுத்து சுத்திட்டுப் போயிட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையின் வாயிலிருந்த கரும்பு அப்படியே நின்றது.

“எந்தத் தீவு சித்தப்பா?”

“அது யாரு கண்டா?”

“பாட்டன் பேரு இன்னா சொன்னாங்க?”

“யாரு கேட்டா?”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? வில்லியனூருதான? ஓடி வந்திருப்பேனே.”

சித்தப்பா உண்மையாகவே குழம்பினார். நடிப்பில்லை. அதுதான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது. “உனக்கு எதுக்குடி? உனக்கும் அவங்களுக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார். சொன்னவரின் தலைக்குப் பின்னால், போரின் மேல், விமானத்துக்குக் கீழே, சுதந்திர தேவிக்குப் பக்கத்தில், தங்கையின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். “தாயி, அன்னிக்கு ஒருநாள் சொன்னியே” என்று இழுத்தார். “அவங்களா? திரும்பி வந்துட்டாங்களா?”

“வந்தாங்கப்பா” என்றாள் தங்கை. “வந்து, எளநி குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

பிறகு எழுந்தாள். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவினாள். ஏணியை இழுத்துப் போரில் சாய்த்து ஏறினாள். பற்கள் வைத்த அரிவாள் பிளாஸ்டிக்கை அறுக்கும் சத்தம் களம் முழுக்கக் கேட்டது. சித்தப்பா பதறி எழுந்தார். “அடியே, வைக்கோலு நனஞ்சிடும்டி!”

“இத்தினி வருஷம் என் மூஞ்சி நனஞ்சிது சித்தப்பா. இனிமே வைக்கோலு நனையட்டும்.”

முகத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண் அழுத கொல்லை எது என்று சித்தப்பாவிடமே கேட்டாள். அவர் கையைக் காட்டினார். தங்கை வரப்பில் நடந்து போய்க் கரும்புக்கு முன்னால் நின்றாள். அப்பாவும் தடியை ஊன்றிக்கொண்டு அவள் பின்னால் போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா என்றும் தெரியாது. திரும்பி வரும்போது அப்பாதான் முன்னால் வந்தார்.

இப்போது மழைக்காலம். நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வானம் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. “அந்த ஓட்டைய ஒரு கோணி போட்டு மூடிட்டுப் போயேன்டா” என்றார். “அடுத்த மாசம் எம் பையனுக்கு வேலை கெடச்ச பேனரு இருக்குது. அது கழண்டு வந்தா முழுசா மாத்திடலாம்.” நான் போருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் துளிகள் விமானத்தின் மேல் விழுந்தன, தீப்பந்தத்தின் மேல் விழுந்தன. கூலிங் கிளாஸ் நெஞ்சமும் செல்போன் நெஞ்சமும் கும்பிடு நெஞ்சமும் வெளுத்த பற்களால் சிரித்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த ஓட்டை வழியாக மழை நேராக உள்ளே இறங்கியது. கோணி என் காலடியில்தான் கிடந்தது. நான் குனியவில்லை.